மாட்டுக்குப் போடும் வலி ஊசி: எது, எவ்வளவு, எத்தனை நாள்?

மடி வீங்கிக் கறக்க விடாமல் உதைக்கும் எருமைக்கும், கால் ஊன்ற முடியாத குதிரைக்கும் வலியைக் குறைப்பது சிகிச்சையில் சேர்ந்ததுதான். வலி தணிந்த மாடு தீவனம் எடுக்கும், அசை போடும், சீக்கிரம் தேறும். கால்நடைக்கு வலி மருந்தே ஆகாது என்பவர்கள் அந்த வேதனையை அருகில் நின்று பார்க்காதவர்கள். ஆனால் எந்த மருந்து என்பதைக் கேட்காமல் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் ஒரு பறவை இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோயிருக்கிறது.

1990களில் இந்தியாவில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. வெண்முதுகுப் பாறுகள் 1992இல் ஆயிரம் இருந்த இடத்தில் 2007இல் ஒன்றுதான் மிஞ்சியது. நோய்க்கிருமியைத் தேடியவர்களுக்கு எதுவும் சிக்கவில்லை. செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தால் ஈரல், இதயத்தின் மேலெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004இல் காரணத்தைச் சொன்னார்கள்: டைக்ளோஃபினாக். மாட்டுக்குப் போட்ட ஊசி அது செத்தபின்னும் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளைக் கொன்றிருந்தது.

இதில் பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. எல்லா மாட்டுச் சடலத்திலும் மருந்து இருக்க வேண்டியதில்லை. 760 சடலங்களில் ஒன்று முதல் 130இல் ஒன்று வரை நஞ்சாக இருந்தாலே இந்த வேகத்தில் இனம் சரியும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரே சடலத்தை ஒரு கூட்டமே தின்னும், ஒரு இணை ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும் என்பதால் இழப்பை ஈடுகட்ட வழியில்லை. ‘என் ஒரு மாட்டால் என்ன ஆகிவிடும்?’ என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

இந்தியா 2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. மனிதர்களுக்கென வந்த 30 மி.லி. பெரிய குப்பிகள் மாட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்ததால், 2015இல் அந்தக் குப்பியின் அளவு 3 மி.லி.யாகக் குறைக்கப்பட்டது. மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும் அசிக்ளோஃபினாக்கும், கீட்டோப்ரோஃபெனும் 2023இல் தடைப்பட்டன. மெலாக்ஸிகாம், டோல்ஃபெனாமிக் அமிலம் இரண்டும் பாறுகளுக்குத் தீங்கு செய்யாதவை எனச் சோதனைகள் காட்டியுள்ளன. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் கூடு கட்டும் பாறுகளைக் காப்பது மருந்துக்கடையில் நாம் கேட்கும் பெயரும்தான்.

மாட்டின் உடம்புக்குள்ளும் கவனம் வேண்டும். வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடல் தயாரிக்க விடாமல் தடுப்பதே இந்த மருந்துகளின் வேலை. ஆஸ்பிரின் இப்படித்தான் செயல்படுகிறது என்று 1971இல் கண்டுபிடித்த ஜான் வேன் பின்னர் நோபல் பரிசு பெற்றார். சிக்கல் என்னவென்றால், வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு ரத்தம் ஓடச் செய்வதும் அதே பொருள்தான். அதனால் கழிச்சலில் நீர் வற்றிய கன்றுக்கும், தண்ணீரின்றி லாரியில் நெடுந்தூரம் வந்த மாட்டுக்கும் வலி ஊசி ஆபத்து. முதலில் நீர் ஏற்ற வேண்டும். நேற்று ஒருவர் ஒரு வலி ஊசி போட்டிருக்க, இன்று இன்னொருவர் வேறொன்றைப் போடுவது கூடாது. ஸ்டீராய்டு ஊசியோடு சேர்ப்பதும் அப்படியே, வயிற்றுப்புண் வரும்.

குதிரைக்குக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அதற்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ஃபினைல்பியூட்டசோனில் குணமாக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அளவு கூடினால் வயிற்றிலும் பெருங்குடலிலும் புண் வரும். மட்டக் குதிரைகள் இன்னும் எளிதில் பாதிக்கப்படும். ஊசியாகக் கொடுத்தால் சிரை ரத்தக்குழாயில்தான் ஏற்ற வேண்டும், வெளியே கசிந்தால் சதை அழுகும். ஃப்ளூனிக்ஸினைக் குதிரையின் தசையில் போட்டால் அரிதாக உயிரைப் பறிக்கும் கிருமித்தொற்று வரும். வயிற்றுவலியில் புரளும் குதிரைக்கு ஊசி போட்டதும் அது அமைதியாகிவிடும். குடல் முறுக்கிக்கொண்டதுதான் காரணம் என்றால், அந்த அமைதியில் அறுவைச் சிகிச்சைக்கான நேரம் கடந்துவிடும். கன்று ஈன்றதும் படுத்துவிடும் பசுவுக்கும் இது பொருந்தும்: பெரும்பாலும் அதற்கு உடனே தேவைப்படுவது கால்சியம், வலி ஊசி அல்ல.

கறவை மாடென்றால் பாலையும் பார்க்க வேண்டும். மெலாக்ஸிகாம் போட்ட மாட்டின் பாலை 5 நாளும் இறைச்சியை 15 நாளும் விற்கக் கூடாது என்று ஐரோப்பாவில் விற்கும் குப்பியின் சீட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். கையிலிருக்கும் குப்பியில் எத்தனை நாள் எழுதியிருக்கிறது என்று பார்த்து, அதுவரை அந்த மாட்டின் பாலைத் தனியே கறந்து ஒதுக்க வேண்டும்.

ஊசி போட்ட கால்நடை மருத்துவரிடம் மருந்தின் பெயரையும் அளவையும் கேட்டுக் கொட்டகைச் சுவரில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்து வருபவர் அதைப் பார்த்தே முடிவெடுப்பார். சிகிச்சைக்கு நடுவில் மாடு செத்துவிட்டால், எந்த ஊசி என்று தெரியாதபோது, சடலத்தை வெளியில் போடாமல் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.