காற்றுவழிச் சாலை – 9: ரூட்டருக்கு வந்த உப்புசம்

இரவு எட்டரை மணி. ஹாலில் அம்மா, டொரன்டோவிலிருக்கும் மகளுடன் வீடியோ காலில். "புள்ளைய கொஞ்சம் காட்டுடி" என்கிறார். திரையில் மகளின் வாய் அசைகிறது, குரலைக் காணோம். மூன்று விநாடி கழித்து வரும் குரல், டின் டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் உடைந்து உடைந்து வருகிறது. உள் அறையில் மகன், போன வாரக் கல்யாண வீடியோவை கூகுள் டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். "டேய், நெட்டு சுத்துது, என்னன்னு பாரு." அவன் அப்லோடை நிறுத்தாமலே ஸ்பீடு டெஸ்ட் போடுகிறான். முள் சரசரவென ஏறி 90-ஐத் தொட்டு நிற்கிறது. "நம்ம நெட்டு சூப்பரா இருக்கும்மா. அக்கா வீட்டுலதான் ஏதோ கோளாறு."

அக்கா வீட்டில் ஒரு கோளாறும் இல்லை. ஸ்பீடு டெஸ்ட்டும் பொய் சொல்லவில்லை. அது பதில் சொன்ன கேள்விதான் வேறு. ஒரு விநாடியில் எவ்வளவு டேட்டா போகும் என்பது ஒரு கணக்கு. அந்த டேட்டாவின் ஒரு பொட்டலம், அதாவது ஒரு பாக்கெட், போய்ச் சேர எத்தனை நேரமாகும் என்பது இன்னொரு கணக்கு. விளம்பரத் தட்டிகளில் முதல் கணக்குதான் கொட்டை எழுத்தில் வரும். பேச்சுக்கோ இரண்டாவதுதான் உயிர். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லிவிநாடிக்குள் போய்விட்டால் பெரும்பாலும் உறுத்தாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வைத்திருக்கும் அளவுகோல். அதைத் தாண்டிப் போகப் போக, ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் ஏறிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

2010-ல் இதே எரிச்சல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜிம் கெட்டிஸ் வீட்டிலும் இருந்தது. இன்டர்நெட் மந்தம் என்று பிள்ளைகள் அடிக்கடி முறையிடுவார்கள். கெட்டிஸ் இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். எக்ஸ் விண்டோ சிஸ்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர்; வெப் பக்கங்கள் பயணிக்கும் எச்.டி.டி.பி. 1.1 விதிமுறையை எழுதியவர்களிலும் ஒருவர். அப்போது பெல் லேப்ஸில் வேலை. வீட்டிலிருந்து பழைய கோப்புகளை எம்.ஐ.டி.க்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒருநாள், பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் 'பிங்' போட்டுப் பார்த்தார். சொற்ப மில்லிவிநாடியில் திரும்ப வேண்டியது ஒரு விநாடிக்கும் மேல் எடுத்துக்கொண்டது. அப்லோடு நின்றால் பழையபடி சரியாகிவிட்டது. வழியில் எங்கோ பாக்கெட்டுகள் மலைபோல் தேங்கி நின்றன.

அந்தத் தேக்கத்துக்கு அவர் வைத்த பெயர் 'பஃபர்ப்ளோட்'. நம் பாட்டிமார் பாஷையில் சொன்னால் உப்புசம்.

திருமலையில் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் அடைபட்டு உட்கார்ந்தவர்களுக்கு பஃபர் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. சன்னதியில் நிமிடத்துக்கு இத்தனை பேர்தான் நகர முடியும். வருகிறவர்கள் அதைவிட அதிகமானால் கம்பார்ட்மென்ட்டுகளில் உட்கார வைப்பார்கள். கம்பார்ட்மென்ட் எண்ணிக்கையைக் கூட்டினால் இன்னும் நிறையப் பேர் நிழலில் காத்திருக்கலாம். தரிசனம் ஒரு நொடிகூட முன்னதாகக் கிடைக்காது. ரூட்டரிலும் மோடத்திலும் இருக்கும் பஃபர் மெமரி இந்தக் கம்பார்ட்மென்ட்தான். மெமரி விலை சரியச் சரிய, தயாரிப்பாளர்கள் தாராளமாக அள்ளி வைத்தார்கள். பாக்கெட்டைக் கீழே போடுவது பாவம் என்ற எண்ணம் வேறு. லினக்ஸ் இயங்குதளத்தில் ஈதர்நெட் போர்ட்டின் வரிசையில் நெடுங்காலம் 1,000 பாக்கெட்டுக்கு இடம் இருந்தது. ஒவ்வொன்றும் 1,500 பைட். வரிசை நிறைந்து, வெளியே போகும் இணைப்பு விநாடிக்கு ஒரு மெகாபிட் என்றால், கடைசியில் நிற்கும் பாக்கெட்டின் முறை வர 12 விநாடி ஆகும். அதற்குள் அம்மா போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பார்.

சரி, வரிசை ஏன் நிறைய வேண்டும்? வீடியோவை ஏற்றும் கணினிக்கு வழி எவ்வளவு தாங்கும் என்று தெரியாது. இருட்டில் தடவிக்கொண்டு நடப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டும். ஒரு பாக்கெட் தொலைந்தால் 'ஓகோ, நெரிசல்' என்று குறைத்துக்கொள்ளும். இந்த நல்ல பழக்கத்தை இன்டர்நெட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர் வேன் ஜேக்கப்சன். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும், 400 கஜம் தள்ளியிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே விநாடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்தது, 40 பிட்டுக்குச் சுருண்டது. பதில் வரவில்லையே என்று கணினிகள் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி வழியை அடைத்துக்கொண்டன. இதற்கு ஜேக்கப்சன் 1988-ல் வெளியிட்ட வைத்தியத்தின் மேல்தான் இன்றைக்கும் இன்டர்நெட் ஓடுகிறது.

அந்த வைத்தியத்துக்கு ஒரு பத்தியம் உண்டு: பாக்கெட் உரிய நேரத்தில் தொலைய வேண்டும். தொலைவதுதான் சேதி. பெரிய பஃபர் அந்தச் சேதியை அமுக்கிவிடுகிறது. எதுவும் தொலையவில்லையே, எல்லாம் சௌக்கியம் என்று அனுப்பும் கணினி மேலும் மேலும் தள்ளுகிறது. நல்லெண்ணத்தில் செய்த உபகாரம் இப்படி வினையாக முடிந்தது. இத்தனைக்கும் ஜான் நேகிள் 1985 டிசம்பரிலேயே எழுதி வைத்திருந்தார்: எல்லையில்லாத மெமரி கொடுத்தாலும் நெரிசல் தீராது, வரிசையில் நின்றே பாக்கெட்டுகளின் ஆயுள் முடிந்துவிடும் என்று. மோடம் செய்தவர்கள் யாரும் அதைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வரிசை நிரம்பும் முன்பே ஒன்றிரண்டு பாக்கெட்டுகளை வேண்டுமென்றே எறிந்து எச்சரிக்கலாமே என்று சாலி ஃப்ளாய்டும் ஜேக்கப்சனும் 1993-ல் 'ரெட்' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். எத்தனை சேர்ந்தால் எறிவது, எத்தனைக்கு ஒன்று எறிவது என்று அளவுகளை ஆள்தான் திருகி வைக்க வேண்டும். தப்பாகத் திருகினால் இருப்பதும் கெடும். வம்பு எதற்கென்று பலரும் அதை அணைத்தே வைத்தார்கள்.

2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் கேள்வியையே மாற்றினார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காதே, பாக்கெட் நின்ற நேரத்தைப் பார். நுழையும்போது ஒரு நேர முத்திரை. வெளியேறும்போது கழித்துப் பார்த்தால் காத்திருப்பு தெரிந்துவிடும். கூட்டம் அலையாக வந்து வடிந்தால் அது நல்ல வரிசை, விட்டுவிடலாம். 100 மில்லிவிநாடிக் காலத்தில் காத்திருப்பு ஒருமுறைகூட 5 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்கவில்லையென்றால், அது சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்ட வரிசை. ஒரு பாக்கெட்டை எறி. அப்படியும் அசையாவிட்டால் அடுத்ததை இன்னும் சீக்கிரமாக எறி. அவ்வளவுதான் 'கோடெல்'. வீட்டு ரூட்டரில் ஆள் உட்கார்ந்து திருகுவதற்கு ஒன்றுமில்லை.

லினக்ஸுக்கு இதை எழுதிய எரிக் டுமாசேயும் அவரோடு சேர்ந்த டேவ் டாட்டும் இன்னொரு படி போனார்கள். எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல், ஒவ்வொரு உரையாடலையும் பிரித்து 1,024 சிறு வரிசைகளில் போட்டார்கள். கல்யாண வீடியோ தன் வரிசையில் தானே நெரிபடும். எப்போதோ ஒரு சின்னக் குரல் பாக்கெட் வந்தால் அது முன்னால் போகும். வி.ஐ.பி. பாஸ் இங்கே கூட்டம் சேர்க்காதவருக்கு! 2012-லேயே லினக்ஸ் 3.5-ல் இது இடம் பிடித்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த, 'பை' என்ற வேறொரு வழிமுறையை ஒட்டிய எஃப்க்யூ-பை, 2020-ல் லினக்ஸ் 5.6-க்குள் நுழைந்தது. அதை எழுதியவர்கள் மங்களூரை அடுத்த சூரத்கல் என்.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள்.

கம்பியில் கதை ஒருவழியாகக் கரைசேர்ந்தது. காற்றில்தான் சனி பிடித்துக்கொண்டது.

வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். யாருக்கு முறை என்பதைப் பழைய வைஃபை எண்ணிக்கையால் பங்கிட்டது: ஆளுக்கு ஒரு பாக்கெட். பட்டிமன்றத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று சொல்லாமல் ஆளுக்குப் பத்து வாக்கியம் என்று விட்டால் என்ன ஆகும்? இழுத்து இழுத்துப் பேசுகிறவர் மைக்கை விடமாட்டார். பக்கத்தில் இருக்கும் லேப்டாப் விநாடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் ஒரு பாக்கெட்டை ஒரு மில்லிவிநாடி சொச்சத்தில் முடித்துவிடும். மூன்று சுவர் தாண்டி, சிக்னல் தேய்ந்து ஒரு மெகாபிட்டில் தவழும் போனுக்கு அதே பாக்கெட்டுக்கு 12 மில்லிவிநாடி. ஆளுக்கு ஒரு முறை என்று மாறி மாறிப் பேசினால், லேப்டாப்பும் ஒரு மெகாபிட்டுக்குக் கீழே இறங்கிவிடும். பிரான்ஸின் கிரனோபிளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதன்பிறகும் பத்தாண்டுக்கு மேல் இந்தக் கோளாறு வீட்டுக்கு வீடு குடியிருந்தது.

உப்புசமும் வைஃபையில் லேசில் பிடிபடவில்லை. மேலே லினக்ஸ் கர்னலில் ஒரு வரிசை, அதற்குக் கீழே டிரைவரில் ஒன்று, சிப்புக்குள் ஃபர்ம்வேரில் ஒன்று என்று மாடி மாடியாக பஃபர். மேல்மாடியில் கோடெலை உட்கார வைத்தால், பாக்கெட்டுகள் அதைத் தாண்டிக் கீழ்மாடியில் போய்த் தேங்கின. வாசலில் டோக்கன் கொடுத்து ஒழுங்கு செய்துவிட்டு, உள் பிராகாரத்தில் கூட்டத்தை விட்ட கதை.

ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோக்கே ஹொய்லன்ட்-யோர்கன்சன், டேவ் டாட் முதலானோர் 2017-ல் வெளியிட்ட வேலை இந்த இரண்டு நோயையும் ஒன்றாகப் பிடித்தது. மாடிகளை இடித்து, வைஃபை அடுக்குக்குள்ளேயே உரையாடல் வாரியாக வரிசைகளை அமைத்தார்கள். பட்டிமன்ற நடுவரின் மணியையும் கையில் எடுத்தார்கள்: ஒவ்வொரு கருவியும் காற்றை எத்தனை நேரம் பிடித்திருந்தது என்று ரூட்டர் கணக்கு வைக்கும், அதிகம் பிடித்ததற்கு அடுத்த முறை தள்ளிப்போகும். போனிலோ லேப்டாப்பிலோ ஒன்றையும் மாற்ற வேண்டாம். நெரிசலின்போது தாமதம் பத்தில் ஒரு பங்காக இறங்கியது. புதிய ஆன்டெனா இல்லை, புதிய அலைவரிசை இல்லை, வெறும் சி நிரல்தான். வயர்லெஸ் ஆராய்ச்சி என்றாலே கோபுரமும் ஆன்டெனாவும்தான் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கலாம். டேவ் டாட் 2025 ஏப்ரலில் காலமானார். வீட்டு ரூட்டர்களில் அவர் கைபட்ட நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது.

செல்போன் கோபுரமும் இதற்கு விதிவிலக்கல்ல. சிக்னல் ஏறி இறங்குவதைச் சமாளிக்க அங்கேயும் பெரிய பஃபர்களை வைத்திருக்கிறார்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-லேயே 3ஜி, 4ஜி இரண்டிலும் உப்புசத்தை அளந்து காட்டினார்கள்.

இப்போது ஆராய்ச்சி இரண்டு பக்கமிருந்து நெருக்குகிறது. ஒன்று, அனுப்பும் முனையைத் திருத்துவது. கூகுள் 2016-ல் வெளியிட்ட 'பிபிஆர்' என்ற முறை, பாக்கெட் தொலையும்வரை காத்திருப்பதில்லை. வழியின் அகலத்தையும் தூரத்தையும் தானே அளந்து அதற்கேற்ப அனுப்பும். அந்தக் குழுவிலும் ஜேக்கப்சன் உண்டு. யூடியூபில் இது வந்தபின் போய்வரும் நேரம் உலக சராசரியில் 53 சதவீதமும், வளரும் நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேலும் குறைந்ததாக கூகுள் சொன்னது. ஆனால் அதன் முதல் வடிவம் பக்கத்தில் ஓடும் பழைய பாணி இணைப்புகளை முழங்கையால் இடித்துத் தள்ளுவதாக ஆய்வுகள் காட்டின. திருத்தம் இன்னும் நடக்கிறது.

இன்னொன்று, எறியாமலே எச்சரிப்பது. பாக்கெட்டின் தலைப்பில் இதற்கென 2001-லேயே இரண்டு பிட் ஒதுக்கியாகிவிட்டது. இரண்டு பிட்டில் நான்கே குறிகள். அதில் ஒன்று ஏறக்குறைய சும்மா கிடந்தது. அந்த ஒற்றைக் குறிக்குத்தான் அடிதடி. 'எல்4எஸ்' என்ற புது வழிமுறையின் அணி அதை, 'நான் புதுப் பழக்கக்காரன், எனக்குத் தனி வரிசை கொடு, சின்ன நெரிசலுக்கே சொல்லிவிடு' என்று அறிவிக்கும் அடையாளமாகக் கேட்டது. எதிரணி, லேசான நெரிசலை ரூட்டர் சொல்லும் சேதியாக அதைக் கேட்டது. எல்4எஸ் போக்குவரத்து பழைய ரூட்டர்களில் மற்றவர்களை நசுக்கிவிடும் என்பது அவர்கள் பயம். அதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. இன்டர்நெட் விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். 2020-ல் எல்4எஸ் பக்கம் சாய்ந்தது. 2023 ஜனவரியில் விதிமுறைகள் வெளிவந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் காம்காஸ்ட் சில நகரங்களில் வாடிக்கையாளர்களுக்கே இதைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

வைஃபை தலைமுறைகள்கூட மனம் மாறிவிட்டன. ஏழாவது தலைமுறைவரை ஒவ்வொன்றும் உச்ச வேகத்தைச் சொல்லித்தான் மார்தட்டியது. தயாராகிக்கொண்டிருக்கும் எட்டாவது, உச்ச வேகத்தைத் தொடவே இல்லை. மிக மோசமான நேரத் தாமதத்தை 25 சதவீதம் குறைப்பது அதன் இலக்குகளில் ஒன்று. அட்டைப்பெட்டியில் இதை எப்படி அச்சடித்து விற்பார்கள் என்பது விற்பனைப் பிரிவின் தலைவலி.

ஹாலுக்குத் திரும்புவோம். அந்த வீட்டு மகன் விஷயம் தெரிந்தவன் என்றால் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் ஓடும் ரூட்டர் ஒன்றை வாங்கி, அதில் எஸ்.க்யூ.எம். என்ற வசதியை இயக்கலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு: 100 மெகாபிட் இணைப்புக்கு 90 என்று வேண்டுமென்றே குறைத்துப் போட வேண்டும். அப்போதுதான் வரிசை மோடத்தின் குருட்டு பஃபரில் சேராமல், கோடெல் காவல் நிற்கும் ரூட்டரில் சேரும். அப்லோடு ஒருபக்கம் ஓட, பேத்தி தும்மியது தும்மியவுடன் கேட்கும். ஆனால் ஸ்பீடு டெஸ்ட் முள் முன்பைவிடக் கொஞ்சம் கீழேதான் நிற்கும்.

அதைப் பார்த்துவிட்டு அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்பார்: "நூறுக்குப் பணம் கட்டிட்டு எதுக்குடா தொண்ணூறு வெச்சிருக்க?"

(தொடரும்)