டயாலிசிஸ் நோயாளியின் மாத்திரை டப்பா

1960 மார்ச்சில், சியாட்டிலில் போயிங் நிறுவன மெஷினிஸ்ட் கிளைட் ஷீல்ட்ஸின் முன்கையில், தமனியையும் சிரையையும் இணைத்து ஒரு டெஃப்லான் குழாயைப் பொருத்தினார்கள். டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னரின் அந்த ஷண்ட் வரும்வரை, ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் புதிதாக ரத்தக்குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. சில தடவைகளிலேயே கையில் இடம் தீர்ந்துவிடும். ஷீல்ட்ஸ் அதன்பின் பதினோரு ஆண்டு வாழ்ந்தார். 1971-ல் அவர் உயிரைப் பறித்தது மாரடைப்பு. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பு வேகமாக முற்றுகிறது என்று 1974-ல் அதே சியாட்டில் குழு எழுதியது.

அந்தக் காலத்து டப்பாவில் முக்கியமானது அலுமினியம் ஹைட்ராக்சைடு. சாப்பாட்டோடு விழுங்கினால், பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பாஸ்பரஸை உணவிலிருந்தே பிடித்து வெளியேற்றும். ஆனால் அலுமினியம் மூளையிலும் எலும்பிலும் தேங்கியது. பேச்சு குழறி, நினைவு தப்பி இறந்தவர்கள் உண்டு. அதற்கு மாற்றாகக் கால்சியம் மாத்திரை வந்தது. எலும்புக்கு நல்லதுதானே என்று தாராளமாகக் கொடுத்தார்கள். மிஞ்சிய கால்சியம் இதயத் தமனிகளின் சுவரில் படிந்தது.

பிறகு வைட்டமின் காலம். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் கூடினால் இதயத்துக்கு ஆபத்து, ஃபோலிக் அமிலம் அதைக் குறைக்கும் என்ற கணக்கு காகிதத்தில் அழகாகவே இருந்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், டயாலிசிஸில் இருந்தவர்களும் சிறுநீரகம் மிகப் பழுதானவர்களுமாக 2,056 பேரிடம் சோதித்தார்கள். தினம் 40 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம், கூடவே பி6, பி12. ஹோமோசிஸ்டீன் இறங்கியது, சாவு குறையவில்லை. 2007-ல் முடிவு வெளியானது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் டயாலிசிஸ் நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இவர்களில் பலருடைய இதயம் துடிப்பு தடுமாறித் திடீரென நிற்கிறது. பொட்டாசியத்தின் ஏற்ற இறக்கம், உடலில் சேரும் நீர், தடித்த இதயத் தசை எல்லாம் அதற்குக் காரணம். கொழுப்பை மட்டும் குறைத்து இதைத் தடுக்க முடியாது.

எனவே, 2025 நவம்பரில் மீன் எண்ணெய் பற்றிய செய்தி வந்தபோது பலரும் சந்தேகத்தோடுதான் படித்திருப்பார்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 1,228 ஹீமோடயாலிசிஸ் நோயாளிகள். பாதிப்பேருக்குத் தினம் 4 கிராம் மீன் எண்ணெய், மீதிப்பேருக்குச் சோள எண்ணெய். மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு போன்ற பெரிய பாதிப்புகள் 43 சதவீதம் குறைவு. இத்தனை தோல்விக்குப் பின் வந்த முடிவு என்பதால் இன்னொரு பெரிய ஆய்வும் இதையே சொன்னால் நிம்மதியாக இருக்கும். இருந்தாலும் இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இன்றைய டப்பாவில் டயாலிசிஸ் முடிந்ததும் போடும் சிறிய பி-வைட்டமின் மாத்திரை நீடிக்கிறது; நீரில் கரையும் வைட்டமின்கள் மெஷினில் கழுவப்பட்டு வெளியேறுவதால் அது தேவை. கடையில் வாங்கும் 'சத்து மாத்திரை' வேறு கதை. வைட்டமின் ஏ உடம்பிலேயே தேங்கும். வைட்டமின் சி அளவு மீறினால் ஆக்சலேட்டாக மாறி இதயத்திலும் படியும்.

மீன் எண்ணெய் வாங்கப் போகிறவர் பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். சாதாரண 1,000 மில்லிகிராம் காப்ஸ்யூலில் ஒமேகா-3 பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான். ஆய்வில் தினம் கொடுத்த 4 கிராம் எண்ணெயில் ஒமேகா-3 மட்டும் 2.4 கிராம். அதாவது எட்டு காப்ஸ்யூல். 'மத்திக் குழம்பு போதாதா?' என்று வீட்டில் கேட்பார்கள். மத்தியில் ஒமேகா-3 உண்டு, பாஸ்பரஸும் உண்டு. எவ்வளவு சாப்பிடலாம் என்பதைச் சிறுநீரக மருத்துவர் அந்த மாத ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.