செயலி மூடினாலும் வம்சாவளி அழியாதிருக்க

மூதூரிலிருந்து சம்பூர் போகும் வழியில் இருக்கிறது கட்டைபறிச்சான். இங்கே ஒரு குடும்பத்தின் வம்சாவளியை எழுதப் புறப்பட்டால் கையில் அகப்படும் காகிதம் குறைவு. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமியிலும் 2006இல் மூதூர் கிழக்கு வெறிச்சோடிய இடப்பெயர்விலும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும் கலியாணப் படங்களும் போயின. மிச்சம் முதியவர்களின் ஞாபகம்தான். அதைக் கேட்டுக் கைபேசிச் செயலியில் பதியும் பிள்ளைகள் முதலில் யோசிக்க வேண்டியது ஒன்று: அந்தச் செயலியை நடத்தும் நிறுவனம் நாளை மூடினால் பதிந்தது என்ன ஆகும்?

விடை 'ஜெட்கொம்' என்ற கோப்பு வடிவத்தில் இருக்கிறது. இதை 1984இல் அமெரிக்காவின் மோர்மன் திருச்சபை உருவாக்கியது. ஒரு மென்பொருளில் பதிந்த குடும்ப விவரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக உலகம் முழுக்க இன்றும் இதுதான் பொதுவான வழி. ஆனால் பழைய வடிவம் நமக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆரம்பத்தில் அதன் எழுத்துக் குறியாக்க முறையில் தமிழுக்கு இடமே இல்லை. குடும்பப் பெயரை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே எழுதச் சொன்னது. நமக்கோ அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். அதைக் குடும்பப் பெயராகப் பதிந்தால் அப்பப்பாவும் பேரனும் வேறு வேறு வம்சமாகத் தெரிவார்கள்.

குறைகளைக் கண்ட ஆர்வலர்கள் 2010இல் மாற்றுத் தரம் தேடினார்கள். 2012இல் அதற்கென ஓர் அமைப்பும் தொடங்கியது. பழையதை அதனால் பெயர்க்க முடியவில்லை. 2021 ஜூனில் திருச்சபையின் ஃபேமிலிசேர்ச் அமைப்பு 7.0 பதிப்பை வெளியிட்டது. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். திருத்தம் வேண்டுமென்றால் கிட்ஹப் தளத்தில் பகிரங்கமாகக் கேட்கலாம். தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் யுனிகோட் முறை இதில் கட்டாயம். ஒரே பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பதிந்து, எது எந்த மொழி என்று குறிக்கலாம். மூன்று மொழிப் பத்திரங்களில் மூன்று விதமாகப் பெயர் கிடக்கும் நம் நாட்டுக்கு இது பெரிய உதவி. "சூறாவளிக்கு முந்தின வருஷம்" என்று ஆச்சி சொன்னதையும் தேதிப் பகுதியில் அப்படியே எழுதலாம்.

பெரியப்பா, சித்தப்பா போன்ற உறவுமுறைகளை இந்தக் கோப்பு தனியாகப் பதிவதில்லை. ஆட்களும், பெற்றோரும் பிள்ளைகளுமாக அவர்கள் சேரும் குடும்பங்களும் அதில் இருக்கும், மற்ற உறவைச் செயலி கணக்கிடும். ஆகவே பிறந்த வருடம் தெரியாவிட்டாலும் பிள்ளைகளை மூத்தவர் முதல் இளையவர் வரை வரிசையாகப் பதியுங்கள். இல்லாவிட்டால் பெரியப்பா யார், சித்தப்பா யார் என்று பிறகு எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

7.0 பதிப்பிலும் குறை இன்னும் உண்டு. கிரிகோரியன், ஜூலியன், எபிரேய நாட்காட்டிகளோடு பிரெஞ்சுப் புரட்சியின் நாட்காட்டிக்கும் இடம் இருக்கிறது. பிரபவ முதல் அட்சய வரையான நம் 60 வருடங்களுக்கு இல்லை. மட்டக்களப்புப் பக்கத்தில் தாய்வழியாக வரும் குலமான 'குடி'க்கும் தனி இடம் இல்லை. வாசல் திறந்திருக்கிறது, தமிழ் நிரலாளர்கள் போய்க் கேட்க வேண்டும். மற்றவர்கள், பதிந்ததை ஜெட்கொம் கோப்பாக வெளியே எடுக்க விடாத செயலியில் அம்மம்மாவின் பெயரைக்கூடப் பதியாதீர்கள்.