கம்பளிப்புழு வானத்திலிருந்து விழுவதில்லை



மல்லாட்டைக் கொல்லையில் மழைக்குப் பிறகு சிவப்புக் கம்பளிப்புழு கூட்டமாக வரும். "மழையோட வானத்துலேர்ந்து விழுது" என்று எங்க ஆயா சொல்வாங்க. உண்மையில் அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம்ம கொல்லை மண்ணுக்குள்ளிருந்துதான்!

இது ஓர் அந்துப்பூச்சியின் புழு. அறிவியல் பெயர் அம்சாக்டா அல்பிஸ்ட்ரைகா. தாய்ப்பூச்சியின் முன் இறக்கை பழுப்பு நிறம், அதில் வெள்ளைக் கோடுகள், ஓரத்தில் மஞ்சள் கோடு. பின் இறக்கை வெள்ளை, அதில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும்.

வளர்ந்த புழு வரப்பு ஓரத்திலும் மர நிழலிலும் 10 முதல் 20 செ.மீ. ஆழத்தில் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகிறது. சுமார் 10 மாதம் அப்படியே தூங்கும். அடுத்த வருஷம் நல்ல மழை பெய்து மண் நனைந்ததும் பூச்சியாகி வெளியே வரும். ஒரு தாய்ப்பூச்சி இலைக்கு அடியில் 600, 700 முட்டை வரை வைக்கும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிந்துவிடும். குட்டிப்புழுக்கள் ஒரே இலையில் கூட்டமாக இருந்து சுரண்டித் தின்னும். பெரிதானதும் பிரிந்து போய், ஒரு கொல்லை முடிந்தால் அடுத்த கொல்லைக்கு நடந்தே போகும்.

மூன்று வருஷம் முன்னாடி எங்க கொல்லையைப் புழு மொட்டையடித்துவிட்டது. அப்பா கடன் வாங்கி மறுபடியும் விதை போட்டாங்க. அடுத்த வருஷம் மழை பெய்த ராத்திரி எங்க கொல்லையில் தீ மூட்டினோம். பூச்சி நிறைய வந்து விழுந்தது. ஆனா பக்கத்துக் கொல்லைகளில் யாரும் மூட்டவில்லை. கொஞ்ச நாளில் அங்கிருந்து புழு வரப்பு தாண்டி வந்துடுச்சு. ஒரு வீடு மட்டும் செய்தால் போதாது என்று அப்போதுதான் புரிந்தது.

அதனால் ஊரே சேர்ந்து செய்ய வேண்டியவை:

1. கோடையில் ஆழ உழ வேண்டும். கூட்டுப்புழு மேலே வந்தால் வெயிலில் காயும், காக்கா குருவி தின்னும்.
2. மழை பெய்த அன்றே பெரியவங்களோடு சேர்ந்து, ராத்திரி 7 மணி முதல் 11 மணி வரை எல்லாக் கொல்லையிலும் தீ மூட்ட வேண்டும். சருகு, மிளாரை முன்னாடியே நனையாமல் எடுத்து வைக்கணும்.
3. முட்டையும் குட்டிப்புழுவும் உள்ள இலைகளைக் கிள்ளி அழிக்க வேண்டும். இது நம்மாலேயே முடியும்.
4. கொல்லையைச் சுற்றி ஒரு அடி ஆழத்தில் பள்ளம் எடுத்தால் நடந்து வரும் புழு அதில் விழும்.

இந்த வருஷம் முதல் மழை பெய்ததும் உங்க வீட்டில் ஞாபகப்படுத்துங்க. வானத்திலிருந்து விழுந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. மண்ணிலிருந்துதானே வருது, தடுக்கலாம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி