முடிவிலும் வேண்டும் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் என் தமையனார் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், அவருடைய கணக்கு வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எந்த வங்கியில் எத்தனை வைப்புகள், எந்தெந்தக் காப்பீடுகள், பெட்டகம் உண்டா இல்லையா என்பவற்றை முழுமையாகக் கூறும் பதிவேடு எங்கும் இல்லை. அலமாரியில் கிடைத்த பழைய ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை ஆண்டு அலைந்தோம். எல்லாவற்றையும் கண்டறிந்துவிட்டோமா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அந்த நாள்களில், கணினி அறிவியல் கற்பித்த நண்பர் ஒருவர், 'கணினிக்குள் நாள்தோறும் ஆயிரக்கணக்கான நிரல்கள் முடிந்துபோகின்றன. ஒவ்வொன்றின் கணக்கும் நொடிக்கும் குறைவான நேரத்தில் தீர்க்கப்படுகிறது' என்றார். ஆறுதலுக்காகச் சொன்ன சொல்தான். ஆனால், அது எவ்வாறு நிகழ்கிறது என்று அவரிடம் கேட்டும் படித்தும் அறிந்தபோது, பொருளாதாரம் கற்பித்தவனாகிய எனக்கு அதில் பாடம் இருப்பதாகத் தோன்றியது.

கணினியிலோ அறிதிறன்பேசியிலோ ஒரு நிரலை நாம் இயக்கும்போது, அதற்கு நினைவகத்தில் இடம் தேவைப்படுகிறது. அந்த இடத்தை நிரல் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. இயங்குதளத்தின் மையப்பகுதியான 'கெர்னல்' ஒதுக்கித் தரவேண்டும். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் அத்தகைய ஒரு கெர்னல். நம் கைகளில் உள்ள ஆண்ட்ராய்ட் பேசிகள் அதைக் கொண்டே இயங்குகின்றன.

கெர்னல் நினைவகத்தைப் 'பக்கம்' எனப்படும் சிறு கூறுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் என்பது 4,096 பைட். அப்படியானால், 8 ஜிபி நினைவகத்தில் ஏறத்தாழ 21 லட்சம் பக்கங்கள் இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குறிப்பு உண்டு. அதை இப்போது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை அதில் இருக்கும். மறுபுறம், ஒவ்வொரு நிரலின் பெயரிலும் ஒரு பேரேடு உண்டு. அதற்குத் தரப்பட்ட நினைவகப் பகுதிகள், அது திறந்துள்ள கோப்புகள், வலைத் தொடர்புகள் ஆகிய அனைத்தும் கொடுக்கும்போதே அதில் எழுதப்பட்டுவிடும்.

ஒரு நிரல் மூன்று விதமாக முடியலாம். வேலை முடிந்து தானாக விடைபெறலாம், பிழையால் நிலைகுலையலாம், வெளியிலிருந்து வலுக்கட்டாயமாக நிறுத்தப்படலாம். கடைசி இரண்டிலும், வாங்கியதைத் திருப்பித்தர நிரலுக்குப் பெரும்பாலும் வாய்ப்பே கிடைப்பதில்லை. ஆனால், கெர்னலுக்கு அது ஒரு பொருட்டல்ல. முடிந்துபோன நிரலிடம் அது எதையும் கேட்பதில்லை. தன் பேரேட்டைத் திறந்து, முதலில் நினைவகப் பகுதிகளையும், பின்னர் கோப்புகளையும், வரிசையாகத் திரும்பப் பெறுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எல்லாப் பக்கங்களும் இறந்தவருக்கே உரியவை அல்ல. பல நிரல்களுக்குப் பொதுவாகத் தேவைப்படும் நிரல்தொகுப்புகள் நினைவகத்தில் ஒரே பிரதியாக இருக்கும். அனைவரும் அதைப் பகிர்ந்துகொள்வர். எனவே, கெர்னல் கண்ணை மூடிக்கொண்டு எதையும் அழிப்பதில்லை. பயன்படுத்துவோர் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது. அந்த எண் பூஜ்யம் ஆனால் மட்டுமே பக்கம் பொது இருப்புக்குத் திரும்பும். கூட்டுச் சொத்தில் ஒரு பங்குதாரர் மறைந்தால் மற்றவர்களின் உரிமை பறிபோகக்கூடாது என்ற அதே நியாயம்தான்.

திரும்பப் பெற்ற பக்கத்தில் பழைய எழுத்துகள் அப்படியே இருக்கலாம். அவற்றில் ஒருவருடைய கடவுச்சொல்லோ, அந்தரங்கக் கடிதமோ இருக்கக்கூடும். ஆகவே, அதை வேறொரு நிரலுக்கு வழங்குமுன் முழுவதும் பூஜ்யங்களால் நிரப்பிவிடுவது மரபு. லினக்ஸ் பொதுவாக இதைக் கொடுக்கும் நேரத்தில் செய்கிறது. வாங்கிய உடனேயே துடைத்துவிடும் வசதியும் 2019-இல் வெளியான 5.3 பதிப்பில் சேர்க்கப்பட்டது. விண்டோஸ், கணினி ஓய்வாக இருக்கும் வேளைகளில் பின்னணியில் இந்த வேலையைச் செய்துவைக்கிறது.

எல்லாம் தீர்ந்தபின்னும் ஒரு சிறு குறிப்பு எஞ்சும். நிரலின் அடையாள எண்ணும், அது எவ்வாறு முடிந்தது என்ற தகவலும் அதில் இருக்கும். அந்த நிரலைத் தொடங்கிவைத்த 'பெற்றோர்' நிரல் வந்து அதைக் கேட்டுப் பெறும்வரை, அது பட்டியலில் 'ஜோம்பி' என்ற பெயரில் காத்திருக்கும். பெற்றோர் முன்னதாகவே முடிந்துவிட்டால், அனாதையான பிள்ளையைப் பொதுவாக முதல் எண் கொண்ட நிரல் ஏற்றுக்கொண்டு, இறுதிக் கடனைச் செய்துமுடிக்கும்.

எல்லாக் கணினிகளிலும் தொடக்கத்திலிருந்தே இந்த ஒழுங்கு இருந்ததில்லை. 1985-இல் வந்த அமிகா கணினியின் இயங்குதளம், யாருக்கு என்ன கொடுத்தோம் என்று பின்தொடரவில்லை. வாங்கியதைத் திருப்பித் தருவது நிரலின் நன்னடத்தைக்கு விடப்பட்டது. நிரல் தவறினால், அந்த இடம் கணினியை மீண்டும் தொடங்கும்வரை யாருக்கும் பயன்படாது. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இலும், திரையில் வரைவதற்காக நிரல்கள் வாங்கிய சில வளங்கள் திரும்பாமலே போயின. ஒவ்வொரு நிரலும் சிறிது சிறிதாக விட்டுச் சென்றதன் விளைவை, கடைசியில் கணினி முழுவதும் சுமந்தது.

ஒழுங்குக்கு ஒரு விலை உண்டு. 64 பிட் லினக்ஸில் ஒரு பக்கத்துக்கான குறிப்பு வழக்கமாக 64 பைட் இடம் பிடிக்கும். 8 ஜிபி நினைவகத்தில் இதற்கு மட்டும் 128 எம்பி செலவாகிறது. அதாவது மொத்தத்தில் சுமார் 1.6 சதவீதம். கணக்கு வைக்காததால் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால், இந்தச் செலவு மிகச் சிறிது.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு ஐயம் எழும். கடைசியில் கெர்னல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றால், நிரல்கள் பொறுப்பற்றுப் போகாதா? ஓரளவு போகத்தான் செய்கின்றன. சில நொடிகளில் முடியும் நிரல்கள் பல, தாம் வாங்கியதைத் திருப்பித்தர முனைவதே இல்லை. அதனால் பெரிய தீங்கும் இல்லை. ஆனால், மாதக்கணக்கில் இயங்கும் நிரல் அவ்வாறு செய்தால் நினைவகம் கசிந்துகொண்டே போகும். உயிரோடு இருப்பவரின் சொத்தைக் கெர்னல் தானாகப் பங்கிட முடியாது. இதனால்தான் அப்பாச்சி இணைய வழங்கியில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் சேவை செய்தபின் ஒரு துணை நிரலை ஓய்வுபெறச் செய்து புதியதை அமர்த்தும் ஏற்பாடு உண்டு.

நினைவகம் அறவே தீர்ந்துபோகும்போது, லினக்ஸ் ஒரு நிரலைத் தேர்ந்து நிறுத்திவிடும். ஆனால், அந்த நிரல் வேறு எதற்கோ காத்து முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தால், இடமும் கிடைக்காது, மற்றவையும் திணறும். 2016-இல் வெளியான 4.6 பதிப்பில் இதற்குத் தீர்வு வந்தது. அதன்படி, முடிவு முழுமையடையக் காத்திராமல், அந்த நிரலின் நினைவகத்தை முன்கூட்டியே மீட்கும் பணி தனியாக நடைபெறும். நொடித்துப்போன நிறுவனத்தின் சொத்துகளை மீட்பதில் தாமதம் கூடக்கூட, கடன் கொடுத்தவர்களும் தொழிலாளர்களும் படும் துன்பம் கூடும் என்பது நாம் அறிந்ததே.

கெர்னலால் இயலாதவையும் உண்டு. நிரல்கள் பகிர்ந்துகொள்வதற்காக உள்ள ஒரு பழைய வகைப் பொது நினைவகம் எந்த ஒரு நிரலின் ஆயுளோடும் இணைக்கப்பட்டதன்று. அதை உருவாக்கிய நிரல் முடிந்தாலும், யாராவது நீக்கும்வரை அல்லது கணினி மீண்டும் தொடங்கும்வரை அது அப்படியே கிடக்கும். அதேபோல், பாதி எழுதப்பட்ட கோப்பைக் கெர்னல் மூடும். மீதியை எழுதித் தராது. இடத்தை மீட்பதுதான் அதன் பணி. விட்டுப்போன கடமையை நிறைவேற்றுவது அதன் பணியன்று.

இவற்றையெல்லாம் அறிந்தபின், எங்கள் குடும்பத்தின் ஒன்றரை ஆண்டு அலைச்சலுக்கான காரணம் எனக்கு விளங்கிற்று. கெர்னல் விரைவாகக் கணக்கை முடிப்பதற்கு அதன் வேகம் மட்டும் காரணமன்று. கொடுத்த அன்றே, கொடுக்கப்பட்டவரின் பெயரில், ஒரே இடத்தில் எழுதிவைத்ததுதான் காரணம். நம் நாட்டிலோ, ஒருவர் மறைந்தபின்தான் தேடலே தொடங்குகிறது.

பத்தாண்டுகள் உரிமை கோரப்படாத வங்கி வைப்புகளை, ரிசர்வ் வங்கி 2014-இல் அமைத்த தனி நிதியத்துக்கு வங்கிகள் மாற்றுகின்றன. பல வங்கிகளில் உள்ள அத்தகைய வைப்புகளை ஒரே இடத்தில் தேட, 'உத்கம்' என்ற இணையதளத்தையும் ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆயினும், பத்தாண்டுகள் கழித்துத் தேடுவதைவிட, கணக்கு தொடங்கும் நாளிலேயே வாரிசு நியமனத்தை உறுதி செய்வது எளிது, செலவும் குறைவு. கணக்கு தொடங்குவதில் காட்டும் அக்கறையை, அது எவ்வாறு முடியவேண்டும் என்பதிலும் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் காட்டவேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. என் பெயரில் உள்ள வைப்புகள், காப்பீடுகள், கடன்கள், ஒவ்வொன்றுக்கும் உரிய வாரிசின் பெயர் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, அது இருக்கும் இடத்தை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டேன். எழுதி முடிக்க ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது.