சபை கூடும் வேளை

ஊர்களும் சபைகளும் (தொடர் கட்டுரை)

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துச் சிற்றூர்களில், ஆண்டுதோறும் மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமையை ஒட்டி ஊரார் எல்லோரும் ஒன்றுகூடி, தங்கள் சாலைகளின் செலவு முதல் ஊர்ப் பணியாளரின் சம்பளம் வரை வரிவரியாக விவாதித்து முடிவு செய்யும் வழக்கத்தைச் சென்ற வாரம் விவரித்தேன். ஸ்ட்ராஃபர்ட் என்ற ஊரில் 1799இல் கட்டிய சபா மண்டபம் இன்றைக்கும் அந்தக் காரியத்துக்கே பயன்பட்டு வருகிறது. அத்தகைய பாக்கியம் நம் கிராமங்களுக்கு உண்டா என்ற வினாவுக்கு விடை தேடி, இவ்வாரம் ஏலமலைத் தொடரின் கிழக்கு அடிவாரத்துக்கு வருவோம்.

போடிநாயக்கனூருக்குத் தென்மேற்கே, மலைக்கும் சமவெளிக்கும் நடுவில் இருக்கிறது பொட்டிபுரம். தென்மேற்குப் பருவ மேகங்கள் தங்கள் நீரையெல்லாம் கேரளத்துச் சரிவிலேயே பொழிந்துவிட்டு, இப்பக்கம் வெறும் காற்றையே அனுப்புகின்றன. ஆதலால் இவ்வட்டாரத்தில் கிணறு உள்ளவன் தோட்டம் போடுகிறான். இல்லாதவன் மானாவாரியை நம்பியோ, ஆடுமாடுகளை மலையடிவாரத்தில் மேய்த்தோ, பிறரிடம் கூலிக்குப் போயோ பிழைக்கிறான்.

அந்தக் கூலிப் பிழைப்பில் பெரும்பகுதி மலைக்கு அப்பால் இருக்கிறது. போடி, தேவாரம் வட்டாரத்து ஊர்களில் பொழுது விடியுமுன்பே ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குவாளியில் சோறும், தோளில் ஒரு பழைய சட்டையும், மழைக்கு ஒரு பாலிதீன் தாளுமாகப் பெண்கள் அவற்றில் நெருங்கி அமர்ந்து, மலைப்பாதையின் கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஏலச்செடியில் காய் உச்சியில் தொங்குவதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் கலந்திருப்பதால், ஈரத்தரையில் குந்தியபடி, பிஞ்சைத் தொடாமல் முற்றியதை மட்டும் விரல்நுனியால் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படி எடுத்த ஐந்து கிலோ பச்சைக் காய் ‘ஸ்டோர்’ என்னும் உலர்த்துக் கூடத்தில் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ ஏலக்காய் ஆகும். அதுவே பிறகு போடிக்கு ஏலத்துக்கு வருகிறது. ஜீப்பு ஊர் திரும்பும்போது விளக்கு வைத்திருப்பார்கள். ஊரின் சமூக வாழ்வு என்று நாம் சொல்வது, கோயில் திருவிழாப் பேச்சாயினும் குடிநீர்க் குழாய் பற்றிய முறையீடாயினும், இந்த மக்களுக்கு அந்தியில்தான் தொடங்குகிறது.

இத்தகைய ஊரின் பெயரைத் தேசமே அறிந்துகொண்டதற்குக் காரணம் ஒரு விஞ்ஞான ஏற்பாடு. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்களை முதன்முதலாகக் கண்டறிந்த கீர்த்தி இந்திய விஞ்ஞானிகளுக்கும் உரியது. அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, 50,000 டன் இரும்பாலான கருவி ஒன்றை மலைக்கடியில் நிறுவ அவர்கள் எண்ணினார்கள். நீலகிரியின் சிங்காராவில் 2009இல் அனுமதி மறுக்கப்பட்டபின், பொட்டிபுரத்தை அடுத்த அம்பரப்பர் மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்ச் சுரங்கத்துடன் கூடிய அத்திட்டத்துக்கு, சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சம்மதம் அளித்தது. பாறையைத் தகர்க்கும் வெடியால் நீரூற்றுகள் என்ன ஆகும், மேய்ச்சல் என்ன ஆகும் என்று அஞ்சிய ஊரார், கிராம சபையில் அதனை எதிர்த்துத் தீர்மானம் இயற்றினார்கள். பிறகு நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம் என்று வழக்கு நீண்டது. 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. விஞ்ஞானத்தின் பெருமையில் எனக்கு மாறாத பக்தி உண்டு. ஆயினும், ஒரு மலையைப் பற்றிய பேச்சில் அம்மலையடியில் வாழ்கிறவர்களின் வாக்கு முதலில் கேட்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

அந்த வாக்கு ஒலிக்க வேண்டிய இடம் கிராம சபை. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வாக்காளர் ஒவ்வொருவரையும் அதன் உறுப்பினராக்கியிருக்கின்றன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 என்ற இரண்டும் பின்னர்ச் சேர்ந்தன. கூட்டம் பெரும்பாலும் காலை 11 மணிக்கு. அந்த நேரத்தில் ஜீப்பில் போனவர்கள் எங்கே இருப்பார்கள்? கடைசியாகச் சொன்ன இரண்டு நாட்களும் விடுமுறையே அல்ல. மற்ற நாட்களிலும், பதிவேட்டில் பெயருள்ள தொழிலாளிக்குச் சம்பளத்தோடு ஓய்வு கிடைக்கலாம்; அன்றாடக் கூலிக்கோ வேலையில்லாத நாள் கூலியில்லாத நாளே. ஆகஸ்டும் நவம்பரும் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதங்கள். மலையை நன்கு அறிந்த கால்கள் மலையின்மேல் இருக்கையில், மலையைப் பற்றிய தீர்மானம் கீழே வாசிக்கப்படுவது சபையின் குறைவு.

வெர்மாண்டார் இந்தச் சங்கடத்தை அறிந்தவர்கள். ஊர்க் கூட்டத்துக்குச் செல்ல விரும்பும் தொழிலாளிக்குச் சம்பளமில்லாத விடுப்பேனும் பெறும் உரிமையை அவர்கள் சட்டமாக்கியிருக்கிறார்கள். பல ஊர்கள் கூட்டத்தை மாலைக்கோ சனிக்கிழமைக்கோ மாற்றிக்கொண்டும் இருக்கின்றன. நாமும் மலையடிவார ஊராட்சிகளிலாவது, ஜீப்புகள் திரும்பி, பெண்கள் முகம் கழுவிச் சற்று இளைப்பாறிய பின் சபையைக் கூட்டலாம். அன்றிரவுச் சமையலை ஆண்கள் ஏற்றுக்கொண்டால் அதுவும் ஊர்ப்பணியே ஆகும். 501 முதல் 3,000 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 100 பேர், 10,000 பேர் வரையுள்ளதற்கு 200 பேர் என்று நம் விதி கூட்டத்துக்கான குறைந்தபட்ச வருகையை (கோரம்) வகுத்திருக்கிறது. தலைகளை எண்ணினால் போதும் என்று இருந்துவிடாமல், எவருடைய தலைகள் என்றும் பார்க்கத் தொடங்கும் நாளில்தான் கிராம சபை தன் பெயருக்குத் தகுதியாகும்.

அடுத்த வாரம், சபையில் இயற்றிய தீர்மானம் ஊராட்சி அலுவலகத்திலிருந்து புறப்பட்டு எங்கெங்கே பிரயாணம் செய்கிறது என்று பார்ப்போம்.

(தொடரும்)