தொலைவிலிருந்து ஆளப்படும் நடுக்களம்

சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களில் மத்தியிலுள்ள நான்கையும் எவன் தன் சிப்பாய்களால் முதலில் ஆக்கிரமிக்கிறானோ அவனுக்கே ஆட்டம் வசப்படும் என்பது, டாராஷ் முதலிய ஆசான்கள் வேதவாக்காகவே போதித்துவந்த சித்தாந்தம். நடுக்களத்தில் போய் நிற்பது வேறு, அதை ஆள்வது வேறு என்றும், அங்கே எதிரி நிறுத்தும் சிப்பாய்களே நமக்கு இலக்குகளாகும் என்றும் நிம்சோவிச், பிரேயர், ரேட்டி ஆகிய ஆட்டக்காரர்களோ வாதித்தார்கள்.

அவ்வாதத்தின் மிக அழகிய நிரூபணமாக நான் கருதுவது, 1924 மார்ச் 22 அன்று நியூயார்க்கில், எட்டாண்டுகளாகத் தோல்வியையே அறியாதிருந்த உலக சாம்பியன் காபபிளாங்காவுக்கு எதிராக ரிச்சர்ட் ரேட்டி ஆடிய ஆட்டம். வெள்ளைக் காய்களை ஆடிய ரேட்டி, முதலில் ஒரு குதிரையை வெளிக்கொணர்ந்து, ராணிப் பக்கத்துச் சிப்பாய்கள் இரண்டை முன்செலுத்தி, இரு மந்திரிகளையும் பலகையின் ஓரங்களில் நிறுத்தினார். ராஜாவுக்கும் ராணிக்கும் முன்னிருந்த சிப்பாய்களோ முதல் ஏழு நகர்த்தல்களில் அசையவே இல்லை. மந்திரி சாய்வாக நெடுந்தூரம் பாயும் காயாதலால், இவ்வாறு நின்ற இரண்டின் பாதைகளும், இடையில் வேறு காய் மறிக்காதபோது, நடுக்கட்டங்கள் நான்கையும் ஊடுருவிச் செல்லும். இந்தப் பக்கவாட்டுத் தொடக்கத்தின் ரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

காபபிளாங்கா ஒன்பதாம் நகர்த்தலில் ராஜாவின் சிப்பாயை மத்தியில் நிறுத்தினார். ரேட்டியோ அவசரப்படாமல், அப்போது மூடியே கிடந்த ராணியின் நெடுவரிசைக்கு ஒரு யானையைக் கொண்டுவந்து வைத்தபின், 16ஆம் நகர்த்தலில்தான் தம் ராணியின் சிப்பாயை நடுக்களத்துக்குள் செலுத்தினார். இத்தருணத்தைத் தேர்ந்தெடுப்பதே இம்முறையின் கடினமான பகுதி. தாக்காமல் காலங்கடத்துபவன் எதிரியின் சிப்பாய்களால் நெருக்குண்டு, மூச்சுவிடவும் இடமின்றித் தவிப்பான்.

மத்தியில் சிப்பாய்கள் வெட்டுண்டு வழிகள் திறந்ததும், கறுப்பு ராணி ஒரு சிப்பாயைக் கவர்ந்தது. அடுத்து ரேட்டியின் மந்திரி, எதிரி ராஜாவுக்குக் காவலாக நின்ற மந்திரியை வெட்டித் தானும் வெட்டுண்டது. உடனே ரேட்டியின் மந்திரி முன்பு நின்ற கட்டத்துக்கே வெள்ளை ராணி வந்து, அதே சாய்வுப் பாதையில் ராஜாவுக்குச் செக் சொல்லிற்று. அடுத்த நகர்த்தலில், முன்யோசனையுடன் வைத்திருந்த அந்த யானை, திறந்துவிட்ட நெடுவரிசையின் வழியே பாய்ந்து ஒரு சிப்பாயைக் கவர்ந்தது. அதன்பின் கறுப்பு ராணிக்கு நிம்மதியான ஓர் இடம் அகப்படவில்லை. 31ஆம் நகர்த்தலில் மற்றொரு யானையும் வந்து அதைத் தாக்கவே, காபபிளாங்கா ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.